ஒரே ஒரு 'பிக் அப்', ஐந்து இணைய அகராதிகள்: எது தேறுகிறது?

வண்டியில் பிக்கப் இல்லை. படம் இரண்டாவது வாரம்தான் பிக்கப் ஆனது. ஆறு மணிக்கு ஸ்டேஷனில் வந்து பிக்கப் பண்ணிக்கொள். எத்தனை முறை அடித்தும் போனைப் பிக்கப் பண்ணவில்லை. தமிழ்ப் பேச்சில் 'பிக் அப்' இத்தனை இடங்களில் புழங்குகிறது. புழங்குவதாலேயே, ஆங்கிலத்தில் அது எதிர்ப்படும்போது அகராதியைத் திறக்க யாருக்கும் தோன்றுவதில்லை. சிக்கல் அங்கேதான்.

பிரிட்டிஷ் மேலாளர் ஒருவர் கூட்டத்தின் நடுவே 'கேன் ஐ பிக் யூ அப் ஆன் தட்?' என்று கேட்டால், வண்டியில் ஏற்றிக்கொள்ளும் பேச்சே அங்கு இல்லை. நீங்கள் இப்போது சொன்னது சரியில்லை, அதைச் சுட்டிக்காட்டலாமா என்கிறார். 'ஹி வாஸ் பிக்ட் அப் லாஸ்ட் நைட்' என்று குற்றச் செய்தியில் வந்தால், ஆளைப் போலீஸ் பிடித்துப் போயிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு தாய் பிள்ளையிடம் 'பிக் அப் யுவர் ரூம்' என்றால், இறைந்து கிடப்பதை எடுத்து வைத்து அறையை ஒழுங்கு செய் என்று அர்த்தம்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதிகளில் முக்கியமான ஐந்து இன்று இணையத்தில் இலவசம்: காலின்ஸ் கோபில்ட், லாங்மேன், ஆக்ஸ்ஃபோர்டு, பிரிட்டானிகா, கேம்பிரிட்ஜ். விளம்பரங்களைச் சகித்துக்கொண்டால் போதும். சாதாரணச் சொற்களில் ஐந்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 'டேபிள்' என்பதை எதில் பார்த்தாலும் மேசைதான். வினையும் ஒரு சிறு சொல்லும் சேர்ந்த இந்த மாதிரிக் கூட்டு வினைகளில்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளியே வருகிறது. அதனால் 'பிக் அப்' என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்தையும் எடை போடலாம்.

முதலில், ஒரு நல்ல அகராதி இதில் எதைச் சொல்லித்தர வேண்டும்? 'பிக்' என்ற சொல்லையும் 'அப்' என்ற சொல்லையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பொருள் கிடைக்காது. அக்கம்பக்கத்தில் நிற்கும் எழுவாயும் செயப்படுபொருளும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. கீழே விழுந்த பேனா என்றால் எடுப்பது. குழந்தை என்றால் தூக்குவது, அல்லது பள்ளி விட்டதும் போய்க் கூட்டிவருவது. பால் பாக்கெட் என்றால் வரும் வழியில் வாங்கி வருவது. சளி என்றால் எங்கிருந்தோ தொற்றிக்கொள்வது. ஸ்பானிஷ் என்றால் வகுப்புக்குப் போகாமல் காதில் விழ விழப் பழகிக்கொள்வது. ஓட்டல் பில் என்றால் எல்லாருக்கும் சேர்த்துக் கட்டுவது. வேகம் என்றால் கூடுவது. எழுவாய் மைக்காகவோ ரேடியோவாகவோ இருந்தால் ஒலியையோ அலையையோ பிடிப்பது. செயப்படுபொருளே இல்லாமல் வியாபாரம் எழுவாயாக நின்றால் சூடுபிடிப்பது. காற்று நின்றால் வலுப்பது. கடலில் தத்தளிப்பவர்களை ஒரு கப்பல் 'பிக் அப்' செய்தால் மீட்பது. ஒரு தொலைக்காட்சித் தொடரை ஒரு நிறுவனம் 'பிக் அப்' செய்தால், ஒளிபரப்ப ஏற்றுக்கொள்வது.

ஆக, அர்த்தங்களை வரிசையாக எண் போட்டுக் கொடுத்தால் போதாது. எந்த அர்த்தம் எதோடு சேர்ந்து வரும் என்று காட்ட வேண்டும். செயப்படுபொருள் 'அப்'புக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்றும் சொல்ல வேண்டும். 'ஆன்', 'ஆஃப்டர்' போல மூன்றாவதாக ஒரு சொல் ஒட்டினால் அர்த்தம் எப்படிப் புரளும் என்பது அடுத்தது. கடைசியாக, எந்த இடத்தில் சொன்னால் ஏடாகூடமாகும் என்ற எச்சரிக்கை.

இந்த அளவுகோலில் முதலிடம் கோபில்டுக்கு. 1987-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், கணினியில் சேமித்த பெரும் உரைத்தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு வந்த அகராதி இது. மற்றவை 'ஒரு பொருளைத் தூக்குதல்' என்கிற பாணியில் துண்டாக விளக்கம் தரும்போது, கோபில்ட் முழு வாக்கியமாகத் தருகிறது. ஒரு நோயை நீங்கள் பிக் அப் செய்தால் எங்கிருந்தோ அது உங்களுக்கு வந்திருக்கிறது. வணிகமோ ஒரு நாட்டின் பொருளாதாரமோ பிக் அப் ஆனால் அது மேம்படுகிறது என்கிற போக்கு. வணிகமும் பொருளாதாரமும் விளக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். எழுவாய் எது என்று தனியாகத் தேட வேண்டியதில்லை.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. போலீஸ் அர்த்தத்துக்கான விளக்கத்தைக் கோபில்ட் செயப்பாட்டு வினையிலேயே எழுதியிருக்கிறது: ஒருவர் போலீசால் பிக் அப் செய்யப்பட்டால் என்று தொடங்கும். செய்திகளில் இந்த அர்த்தம் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. அதேபோல விளக்கம் 'வென்' என்று தொடங்கினால் அன்றாடம் நடப்பது, 'இஃப்' என்று தொடங்கினால் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். பொருளைத் தூக்குவதற்கு முன்னது, நோய் தொற்றுவதற்குப் பின்னது. பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம் இது.

எடுத்துக்காட்டு வாக்கியங்களின் முடிவில் சதுர அடைப்புக்குள் வரும் குறிப்பும் உதவும். வினை, சிறு சொல், பெயர் என்ற வரிசையா, வினை, பெயர், சிறு சொல் என்ற வரிசையா என்று அந்தந்த வாக்கியத்துக்கே போட்டிருப்பார்கள். இலக்கணப் பெயர்களைக் கண்டு மிரளாதவர்களுக்கு இது பொக்கிஷம்.

குறை என்றால் தளத்தின் நெரிசல். காலின்ஸ் பக்கத்தில் கோபில்ட் முடிந்ததும் அதற்குக் கீழே பிரிட்டிஷ் அகராதி ஒன்று, அமெரிக்க அகராதி ஒன்று என அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். அவை தாய்மொழியாளர்களுக்கானவை, விளக்கங்கள் சுருக்கம், நடை கடினம். எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஒரே மூச்சில் படித்துக்கொண்டு போனால் குழப்பமே மிஞ்சும். கோபில்ட் பகுதி முடிந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். முழு வாக்கிய விளக்கம் என்பதால் படிக்க நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். அவசரத்துக்கு இது உதவாது.

அவசரத்துக்கு லாங்மேன். 1978-இல் முதலில் வெளிவந்தபோதே சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் எல்லா விளக்கங்களையும் எழுதுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்ட அகராதி. விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு அகராதி தேட வேண்டிய நிலை பெரும்பாலும் வராது. 'பிக் அப்' போன்ற நீண்ட பதிவுகளில் ஒவ்வோர் அர்த்தத்தின் முன்னும் பெரிய எழுத்தில் ஒரு வழிகாட்டிச் சொல் இருக்கும்: தூக்குதல், கற்றல், நோய் என்பதுபோல. கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினால் வேண்டிய இடத்தில் நின்றுவிடலாம். எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் கேட்க ஒலிக்குறி இருப்பது கூடுதல் வசதி. கூட்டு வினையாக வரும்போது அழுத்தம் 'அப்'பில் விழுவதையும், 'பிக்கப்' என்று பெயர்ச்சொல்லாகும்போது முதல் அசைக்குத் தாவுவதையும் காதால் கேட்டுப் பழகுவதுதான் வழி.

லாங்மேனின் இன்னொரு பலம், இருபக்க அம்புக்குறி. வினைக்கும் 'அப்'புக்கும் நடுவே அந்தக் குறி நின்றால், செயப்படுபொருளை நடுவிலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். குறி இல்லையென்றால் இடம் மாற்றக் கூடாது. 'பிக் அப் ஸ்பீட்', 'பிக் அப் த பில்' போன்ற கட்டிப்போன தொடர்களைத் தனியாகத் தடித்த எழுத்தில் தருவதும் நல்லது. ஆனால் ஒன்றை இந்த அம்புக்குறி சொல்வதில்லை: செயப்படுபொருள் 'இட்', 'மீ', 'தெம்' போன்ற பிரதிப்பெயராக இருந்தால் நடுவில் மட்டுமே வரும். 'பிக் இட் அப்' சரி; 'பிக் அப் இட்' எந்நாளும் தவறு. நம்மவர்கள் அதிகமாகச் சறுக்கும் இடமே அதுதான் என்பதால், குறியை மட்டும் நம்புகிறவர்களுக்கு லாங்மேன் பாதி பாடத்தைத்தான் நடத்துகிறது.

ஆக்ஸ்ஃபோர்டின் வழி வேறு. இதன் மூலகர்த்தா ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். இவருடைய அகராதி முதலில் 1942-இல் டோக்கியோவில் அச்சாகி, பிறகு 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பெயரில் வந்தது. வினைகள் எந்தெந்த வாக்கிய அமைப்பில் வரும் என்பதே அவருடைய வாழ்நாள் அக்கறை. அந்தப் பரம்பரை இன்றைய 'பிக் அப்' பதிவிலும் தெரிகிறது. அர்த்தங்களைச் செயப்படுபொருளை வைத்துப் பிரித்திருக்கிறார்கள்: எதுவும் இல்லாமல் வருவது ஒரு பிரிவு, ஆள் வந்தால் ஒரு பிரிவு, பொருள் வந்தால் ஒரு பிரிவு, இரண்டுக்கும் பொதுவானது ஒரு பிரிவு.

இதைப் பயன்படுத்த ஒரு முறை உண்டு. உங்கள் வாக்கியத்தில் 'பிக் அப்'புக்குச் செயப்படுபொருள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மேம்படுதல், மீண்டும் தொடர்தல் என்று இரண்டு மூன்று அர்த்தங்களோடு வேலை முடிந்தது. இருந்தால், அது ஆளா பொருளா என்று கேளுங்கள். ஆள் என்றால் ஏற்றிக்கொள்ளுதல், மீட்டல், கைது, தெம்பூட்டுதல் என்ற சிறு வட்டத்துக்குள் தேடலாம். பொருள் என்றால்தான் பட்டியல் நீளும். செயப்பாட்டு வாக்கியமாக இருந்தால் எழுவாயைச் செயப்படுபொருளாகக் கருதித் தேட வேண்டும். 'வாஸ் பிக்ட் அப்' என்பதை முதல் பிரிவில் தேடிக் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் இதைத்தான் மறந்திருப்பார்கள். வாக்கியத்தை இப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஐந்திலும் வேகமானது. தெரியாதவருக்கு அது பிரிவு பிரிவான புதிர். பத்தாம் வகுப்பு மாணவருக்கு முதல் அகராதியாக இதைக் கொடுக்க மனம் வராது.

எச்சரிக்கை விஷயத்திலும் ஆக்ஸ்ஃபோர்டு கறாராக இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் பாலுறவு நோக்கத்தோடு பேச்சுக் கொடுப்பது என்றும் 'பிக் அப்'புக்கு ஓர் அர்த்தம் உண்டு. பேச்சு வழக்கு, இளக்காரமான தொனி என்ற குறிப்புகளோடு அதைத் தருகிறார்கள். 'ஐ பிக்ட் ஹர் அப்' என்று மொட்டையாகச் சொன்னால் இந்த அர்த்தமும் எட்டிப் பார்க்கும். 'ஃப்ரம் த ஸ்டேஷன்' என்று இடத்தைச் சேர்த்துவிட்டால் சந்தேகம் போய்விடும்.

பிரிட்டானிகா என்ற பெயரில் இப்போது இருப்பது, முன்பு மெரியம்-வெப்ஸ்டர் கற்போர் அகராதியாக இருந்ததுதான். அமெரிக்க ஆங்கிலத்துக்கு இதை விட்டால் வேறு துணை இல்லை. அறையை ஒழுங்கு செய்யும் அர்த்தம், வீட்டைக் காலி செய்துகொண்டு திடீரென்று ஊரை விட்டுக் கிளம்பும் அர்த்தம் எல்லாம் இதில் தெளிவாக இருக்கும். லாங்மேன் அம்புக்குறியில் மறைத்து வைப்பதை இது நேராக எழுதிவிடுகிறது: செயப்படுபொருள் பின்னால் வரும் வடிவம், 'அல்லது' என்று போட்டு நடுவில் வரும் வடிவம். குறியீடு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எடுத்துக்காட்டு வாக்கியங்கள் 1,60,000-க்கு மேல் என்று அச்சுப் பதிப்பிலேயே பெருமையாகப் போட்டிருந்தார்கள். 'பிக் அப்' பதிவில் அது மிகையில்லை என்று தெரியும். அதுவே தொல்லையும் ஆகிறது. 'பிக்' என்ற வினையின் பெரிய பதிவுக்குள் ஒரு பகுதியாக இது வருவதால், கைப்பேசியில் விரல் வலிக்கத் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

கேம்பிரிட்ஜில் பல அர்த்தங்களோடு, மொழித்திறனை A1 முதல் C2 வரை பிரிக்கும் ஐரோப்பியத் தர நிலை குறிக்கப்பட்டிருப்பது ஒன்றே பெரிய ஆதாயம். எந்த அர்த்தத்தை முதலில் கற்பது, எதைத் தள்ளிப்போடலாம் என்று ஆசிரியருக்கு அது சொல்லிவிடும். மற்றபடி, 'பிக் அப்' தனிப் பக்கம், ஆளோடு வருவது தனிப் பக்கம், பொருளோடு வருவது தனிப் பக்கம் என்று சிதறிக் கிடப்பதால், முழுச் சித்திரம் ஒரே பார்வையில் கிடைப்பதில்லை. பழைய வகுப்புக் குறிப்புகளில் மேக்மில்லன் அகராதித் தளத்தின் இணைப்பு இருந்தால் அழித்துவிடலாம். அந்தத் தளம் 2023-இல் மூடப்பட்டுவிட்டது.

எதில் தேடினாலும் தட்டச்சு செய்யும் முறையில் கவனம் தேவை. நடுவில் இடைவெளி விட்டு இரண்டு சொற்களாக, இறந்தகால வடிவம் இல்லாமல், மூல வடிவில் இட வேண்டும். சேர்த்து ஒரே சொல்லாக இட்டால் பெயர்ச்சொல் பக்கம் திறக்கும்: சரக்கு ஏற்றும் சிறு வண்டி, கிடாரில் கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் பாகம் ஆகியவை அங்கே இருக்கும். வண்டி சட்டென்று வேகம் எடுக்கும் திறனைப் 'பிக்கப்' என்பது நம் ஊர் மெக்கானிக்குகள் கண்டுபிடித்த வழக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்க ஆங்கிலத்தில் அது பழகிய சொல்தான், மெரியம்-வெப்ஸ்டரிலும் இருக்கிறது. நடுவே 'மீ' சேர்த்து மூன்று சொற்களையும் கோடு போட்டு இணைத்தால் கிடைப்பது சோர்வு நீக்கும் பானத்துக்கான பெயர்.

மூன்றாவது சொல் ஒட்டும் வடிவங்களை எல்லா அகராதிகளும் பதிவின் கடைசியிலோ தனியாகவோதான் வைக்கின்றன. அங்கே வரை போகாமல் திரும்பக் கூடாது. 'பிக் அப் ஆன்' என்றால் மற்றவர் கவனிக்காத ஒன்றைக் கவனித்துவிடுவது, அல்லது முன்பு பேசியதை எடுத்து மேலே பேசுவது. நடுவே ஆள் நுழைந்து 'பிக் சம்படி அப் ஆன்' ஆனால் அவர் சொன்னதைத் திருத்துவது. 'பிக் அப் ஆஃப்டர்' என்றால் ஒருவர் போட்டுவிட்டுப் போனதைப் பின்னாலேயே போய் எடுத்து வைப்பது. பொதுவாக வீட்டில் அம்மாக்கள் செய்வது, அம்மாக்களே புகாராகச் சொல்வது.

நம்மவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் நேரும் இன்னொரு பிழைக்கு இந்த ஐந்தில் எதையும் நம்பியிருக்க முடியாது. 'ஹி இஸ் நாட் பிக்கிங் மை கால்', 'ஐ வில் பிக் யூ ஃப்ரம் த ஸ்டேஷன்' என்று 'அப்'பை விழுங்கிவிடுவது இந்தியா முழுக்க இருக்கிறது. வெறும் 'பிக்' என்றால் பலவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, அல்லது பூப் பறிப்பது. இரண்டாவது வாக்கியத்தைக் கேட்கும் வெளிநாட்டவருக்கு, ஸ்டேஷனில் நிற்கும் கூட்டத்திலிருந்து உங்களை ஆள் தேர்வு செய்கிறார்கள் போல இருக்கும். தொலைபேசிக்கு 'ஹி இஸ் நாட் பிக்கிங் அப்' என்று நிறுத்திக்கொள்வது சரி. 'கால்' என்ற சொல் வேண்டுமென்றால் 'ஆன்சர்' போட்டுக்கொள்வது பாதுகாப்பு.

தமிழில் அர்த்தம் வேண்டும் என்கிறவர்களுக்கு என்ன வழி? அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் கிடைக்கிறது. மகத்தான உழைப்பு, ஆனால் தனிச்சொல்லுக்குத் தமிழ் நிகர் தேட உருவானது. ஒரு சொல்லுக்கு எதிரே நிகர்ச்சொற்களை அடுக்கிவைக்கும் எந்த இருமொழி அகராதியும் கூட்டு வினையில் திணறத்தான் செய்யும். தமிழில் 'எடு' என்பது 'பிக் அப்'போடு கொஞ்ச தூரம் கூடவே வருகிறது: பேனாவை எடு, போனை எடு, வண்டி வேகம் எடுத்தது. 'தூக்கு' குழந்தைக்கும் பொருந்தும். 'ராத்திரியே போலீஸ் தூக்கிட்டாங்க' என்பதற்கும் பொருந்தும். சளிக்கும் ஸ்பானிஷுக்கும் வரும்போது இரண்டும் கைவிட்டுவிடும். அங்கே தொற்றுதல், பழகிக்கொள்ளுதல் என்று புது வினைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவதானால் 'பிக் அப்' என்று இரண்டு சொல்லை மட்டும் இடாதீர்கள். எழுவாயும் செயப்படுபொருளும் இல்லாமல் இயந்திரத்தால் ஊகிக்கத்தான் முடியும். முழு வாக்கியத்தையும், முடிந்தால் அதற்கு முந்தைய வாக்கியத்தையும் சேர்த்து இடுங்கள். வந்த தமிழில் இருக்கும் வினையைக் குறித்துக்கொண்டு, கோபில்டில் அதே எழுவாயும் செயப்படுபொருளும் உள்ள விளக்கத்தோடு ஒப்பிடுங்கள். பொருளாதாரம் பற்றிய செய்தியில் யாரோ எதையோ தூக்குவதாக மொழிபெயர்ப்பு வந்தால், அதை விட்டுவிட்டு அகராதியைப் பிடித்துக்கொள்ளலாம்.